லோகாம்பாளுக்கு ஐந்து நிமிடம்

ஒரே ஒரு தெருவில் ஒரே ஒரு லோகாம்பாள் இருந்தாளாம். அந்த லோகாம்பாளுக்கு ஒரே ஒரு உடம்பு இருந்ததாம்.

உம் கொட்டாதீர்கள் அக்கா. கதை என்றால் உம் கொட்டத்தான் வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் பிரஷர் பார்க்க இந்தப் பட்டையைக் கையில் சுற்றிவிட்டால் ஐந்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. நீங்கள் உம் என்றால் அளவு ஏறும். ஆமாம் என்றால் இன்னும் ஏறும். காலைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, சும்மா உட்காருங்கள். பேசுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

மூன்று வாரமாக நான் வரும்போதெல்லாம் உங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது, ஆளை மட்டும் காணோம். கிரைண்டர் தானாகவா உளுந்து போட்டுக்கொள்ளும் வடிவக்கா? போன வாரம் பின்கதவுக்குப் பின்னால் உங்கள் பச்சைச் சேலை முந்தி தெரிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் போனேன். மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள், அதைச் சொல்ல வெட்கம், அதனால் ஒளிகிறீர்கள். தலையை ஆட்டாதீர்கள். தலையை ஆட்டினாலும் ஏறும்.

வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறவளுக்கு ஒளிகிறவர்களைத் தெரியாதா? அதிலும் எனக்கு நன்றாகத் தெரியும். நானே ஒளிந்தவள். அந்த லோகாம்பாள் வேறு யாரும் இல்லை, உங்கள் முன்னால் நிற்கிற இந்தச் சந்தனமாரிதான்.

போன சித்திரையில் ஆரம்பித்தது. ரேஷன் கடைச் சுவரில் ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நான் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். 'உப்பைக் குறைத்தேன், உடம்பை வென்றேன்' என்று மேலே சிவப்பு எழுத்து. நான் எங்கே குறைத்தேன், எங்கே வென்றேன்? படம் எடுத்தவன் விரலை நீட்டுங்கள் என்றான், நீட்டினேன். சிரியுங்கள் என்றான், சிரித்தேன். மேலே என்ன எழுதப்போகிறான் என்று யார் கேட்டது?

பிளக்ஸ் கட்டின மறுவாரம் புது மிஷின் கொடுத்தார்கள். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் என் கையில் போட்டுப் பார்த்தேன். மேலே நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்று எட்டு. சரிதான், மிஷின் கோளாறு என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு அவள் கையில் போட்டேன். நூற்றுப் பதினெட்டு. மிஷினுக்கு ஒரு கேடும் இல்லை.

வேறு யாருக்காவது அப்படி வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "பயப்படாதீங்க, நாளைக்கே டாக்டரைப் பார்ப்போம், நானும் கூட வாரேன்." அப்படித்தானே உங்களுக்குச் சொன்னேன்? எனக்கு நான் சொன்னது வேறு. "ஊருக்கெல்லாம் விரலை நீட்டத் தெரியுதுல்ல? கருவாட்டைக் கண்டா கை தானா நீளுதுல்ல? அனுபவி." இது கம்மி அக்கா. மீதியை உங்கள் வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது, சாமி படம் மாட்டியிருக்கிறீர்கள்.

நான் கண்டிப்பானவள். அடுத்தவரிடம் கிடையாது, என்னிடம். அன்றைக்கே தண்டனை போட்டேன். ஒரு வாரத்துக்கு ஒரு கல் உப்பு கிடையாது. கஞ்சிக்கும் உப்பு கிடையாது, குழம்புக்கும் கிடையாது. அத்தோடு மலைக்கோயில் படி முந்நூறும் தினமும் ஏற வேண்டும், அதுவும் வேலை முடிந்து மத்தியான வெயிலில். ஏனென்றால் அதிகாலையில் ஏறினால் காற்று நன்றாக இருக்கும். நன்றாக இருந்தால் அது தண்டனையா?

முதல் நாள் ஏறிவிட்டேன். இரண்டாம் நாள் நூற்று நாற்பதாவது படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, உட்கார்ந்துவிட்டேன். குரங்கு ஒன்று வந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்கும் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். குரங்கை ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு என்ன தாகமோ, பாவம்.

ஆறாம் நாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். காரச்சேவு பொரிக்கிற வாசனை. அரைக் கிலோ வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோகக்கூட இல்லை. கடைக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், நின்றபடியே தின்றேன். அரைக் கிலோவும். பொட்டலத்து மூலையில் கிடந்த தூளையும் விரலால் தொட்டுத் தொட்டு. அந்தப் பிளக்ஸ் விரலேதான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை. "இவ்வளவுதான் நீ" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு என்ன செய்ய இருக்கிறது? பிடரியில் வலி வரும், படி ஏறினால் படபடப்பு வரும். வரட்டும் என்று விட்டேன். என் வீட்டுக்காரர் லாரியில் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். கேட்க ஆளில்லை. எங்கள் சுகாதார நிலையத்து டாக்டரிடம் போகலாம்தான். ஆனால் அங்கே வரிசையில் நின்றால், உடம்பை வென்றவள் நிற்கிறாளே என்று சிரிக்கமாட்டார்களா? வேலையை விட்டே எடுத்துவிட்டால்?

கடைசியில் பிடரி வலி தாங்கவில்லை. இரண்டு பஸ் மாறி, என்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுகிற இடத்தில் "பேரு?" என்றார்கள். "லோகாம்பாள்" என்றேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சத்தியமாகத் தெரியாது. என் வம்சத்திலேயே லோகாம்பாள் கிடையாது.

போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து "லோகாம்பாள்!" என்று கூப்பிட்டார்கள். நான் பாட்டுக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறுபடி "லோகாம்பாள்!" பக்கத்தில் இருந்த அம்மா, "அந்த லோகாம்பாளுக்குக் காது டமாரம் போல" என்றது. நானும், "ஆமா, சில பேரு இப்படித்தான்" என்றேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் அட, நம்மைத்தானே என்று எழுந்து ஓடினேன்.

டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரு நாள்கூட விடக்கூடாது, வாரம் ஒரு முறை அளவு பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்றார். மாத்திரைக்கு மாதாமாதம், அளவுக்கு வாராவாரம் என்று இரண்டு பஸ் மாற முடியுமா? அந்தச் சீட்டை வைத்து, நான் பார்க்கிற நோயாளிகளை எழுதும் நோட்டிலேயே அவளை ஏற்றிவிட்டேன். லோகாம்பாள், வயது நாற்பத்து நான்கு, கம்மாய்க்கரைத் தெரு, பதினேழு பி. பதினேழு ஏ என் வீடு. பதினேழு பி என் வீட்டுக்குப் பின்னால் விறகு போடுகிற கொட்டகை.

தப்புதான். தெரிந்தே செய்த தப்பு. ஆனால் நோட்டில் ஒரு ஆளை ஏற்றிவிட்டால் பிறகு விதி விதிதான் அக்கா. செவ்வாய்க்கிழமைதோறும் பத்து மணிக்கு லோகாம்பாள் வீடு. செருப்பை என் வீட்டு வாசலிலேயே கழற்றிவிட்டு, "வீட்ல யாரு?" என்று ஒரு குரல் கொடுப்பேன். பழக்க தோஷம். உள்ளே போய் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். சிரிக்காதீர்கள், ஏறும். ஐந்து நிமிடம் சும்மா இருப்பேன். மற்ற வீடுகளில் நான்தானே பேசுகிறேன்? இங்கே பேச்சு கிடையாது. காக்கா கத்துவது கேட்கும். நாற்பத்து நான்கு வயதில் பகல் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அளவு எழுதிய பிறகு 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வரும். எங்கள் சூப்பர்வைசர் எஸ்தர் மேடம் மாதக் கடைசியில் அதை வரிவரியாகப் படிப்பார்கள். முதல் வாரமே லோகாம்பாள் இரண்டு நாள் மாத்திரையை விட்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் 'திமிர்' என்று எழுதப் போனேன். மேடம் படிப்பார்களே! நோயாளியைப் பற்றி அப்படி எழுதலாமா? அதனால் எல்லோருக்கும் எழுதுகிற மாதிரியே எழுதினேன். 'இரண்டு நாள் மாத்திரை விடுபட்டது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை, தூக்கம் குறைவு. இன்று முதல் தொடர்வார்.' எழுதிவிட்டேனா, எழுதினது பொய்யாகிவிடக் கூடாதே. அன்றைக்கே மாத்திரை போட்டேன்.

அடுத்த வாரம் கால் வீங்கியிருந்தது. மற்றவர்களிடம் கேட்கிற மாதிரியே வாய் கேட்டுவிட்டது. "என்ன லோகா, ரொம்ப நடையா? காலையில என்ன சாப்பிட்ட?" ஒன்றும் சாப்பிடவில்லை. நான் காலையில் சாப்பிடுவதே இல்லையே, நேரம் ஏது? ஆனால் நோயாளியிடம் அதைச் சொல்ல முடியுமா? "ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுக் கிளம்பு தாயி" என்றேன். எழுதியும் வைத்தேன். கனமான பையை ஒரே தோளில் மாட்டுகிறாள், தோள் மாற்றச் சொன்னேன் என்று எழுதினேன். ஒரு வாரம் கல்யாண வீட்டில் அப்பளம் ஆறு தின்றுவிட்டாள். 'விசேஷ வீடு. பரவாயில்லை, நாளை குறைத்துக்கொள்வார்' என்று எழுதினேன். நாளைக்குக் குறைத்தும்கொண்டாள், அதுதான் வேடிக்கை. கம்மாய்க்கரையில் சாயங்காலம் கால் மணி நேரம் நடந்தாள். மலைப்படி இல்லை, வெயில் இல்லை. குளத்துக் கொக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா ஒரு நடை.

நூற்று எழுபத்திரண்டு, நூற்று அறுபதுக்கு வந்தது. அப்புறம் நூற்று ஐம்பது. அப்புறம் நூற்று முப்பத்து நான்கு. மூன்றே மாதம்.

மாத்திரைதான் காரணம். அதில் சந்தேகமே வேண்டாம். நான் மட்டும் அந்த லோகாம்பாளுக்கு அத்தனை செல்லம் கொடுக்காமல், கொஞ்சம் கண்டிப்பாக இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமே இறங்கியிருக்கும். அது என் தவறுதான். யாரிடமாவது இளகிவிட்டால் எனக்கு அப்படி.

இங்கேதான் வந்தது வினை. ஐப்பசிக் கூட்டத்தில் எஸ்தர் மேடம் என் நோட்டைப் புரட்டிவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்கள். "யாரு சந்தனமாரி இந்த லோகாம்பாள்? நம்ம ஏரியாவுல இவ்வளவு அழகா குறைஞ்சது இவங்க ஒருத்தருக்குத்தான்."

"ஒரு அம்மா, மேடம்."

"அது தெரியுது. அடுத்த பிளக்ஸ்ல இவங்க படத்தைப் போடுவோம். செவ்வாய்க்கிழமை நானே வந்து கேட்கிறேன்."

"கூச்ச சுபாவம் மேடம், படத்துக்கெல்லாம் நிக்கமாட்டா" என்றேன். "நான் பேசிக்கிறேன்" என்றார்கள். "மக வீட்டுக்குத் திருப்பூர் போனாலும் போயிருப்பா" என்றேன். "உங்க நோட்டுல மகளே இல்லைன்னு இருக்கே?" என்றார்கள். அந்த மேடம் எதையும் மறக்காது.

திங்கட்கிழமை சாயங்காலம் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வழி இருந்தது. 'இடம் பெயர்ந்தார்' என்று ஒரு கட்டம். அதில் டிக் போட்டால் போய்ச் சேர்ந்த ஊர், போன் நம்பர் எல்லாம் எழுத வேண்டும். போன் அடித்துக் கேட்பார்கள். இன்னொன்று 'இறந்தார்'. அதில் ஒரு சொல் எழுதினால் போதும். யாரும் தேடி வரமாட்டார்கள்.

பேனாவை எடுத்துவிட்டேன் அக்கா. 'காரணம்' என்று பக்கத்தில் போட்டிருந்தது. இந்தப் பிரஷரை இப்படியே விட்டால் என்ன காரணம் எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வீட்டுக்கு எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை எழுதப் போகிறேன், கை ஓடவில்லை. பாவி, இப்போதுதானே காலையில் இரண்டு இட்லி சாப்பிடப் பழகினாள், இப்போதுதானே கொக்குப் பார்க்கப் போகிறாள் என்று தோன்றியது. ஓவென்று அழுதுவிட்டேன். இல்லவே இல்லாத ஒருத்திக்கு. பாண்டீஸ்வரி ஓடிவந்து, "என்னக்கா, யாருக்கு என்ன?" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச பொம்பள" என்றேன். பாண்டீஸ்வரியும் கூட உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அவளுக்கு யாரென்றே தெரியாது.

செவ்வாய் பத்து மணிக்கு மேடம் ஸ்கூட்டி வந்து நின்றது. பதினேழு பி எங்கே என்று விறகுக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் என் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மேசைமேல் நீட்டி வைத்திருந்தேன். வாசலில் வந்து நின்று, "லோகாம்பாள் எங்கம்மா?" என்றார்கள்.

"இங்கதான் மேடம்."

"எங்க?"

"இதோ, உக்காந்திருக்கால்ல."

என்னைப் பார்த்தார்கள். நீட்டின கையைப் பார்த்தார்கள். வேலை போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கிற சத்தம், பட்டையைப் பிரிக்கிற சத்தம். "அஞ்சு நிமிஷம் பேசாதீங்க" என்றார்கள். அந்த ஐந்து நிமிடம் மாதிரி ஒரு ஐந்து நிமிடம் யாருக்கும் வரக் கூடாது. நூற்று ஐம்பத்தெட்டு வந்தது. "பயத்துல ஏறியிருக்கு, கணக்குல வராது" என்று அதை எழுதவில்லை. லோகாம்பாளை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சந்தனமாரி என்று எழுதினார்கள். தவறான பதிவுக்கு மெமோ ஒன்று கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். வேலை போகவில்லை. நடந்ததையெல்லாம் கேட்டார்கள், ஒன்றுவிடாமல் சொன்னேன். போகும்போது வாசலில் நின்று திட்டினார்கள். பொய் சொன்னதுக்கு இல்லை. "ரெண்டு மாசம் மாத்திரை இல்லாம வெயில்ல நடந்தியா? கிறுக்கா உனக்கு?" என்று.

அதோடு லோகாம்பாள் கதை முடிந்தது. இப்போது என் அட்டை என் பெயரிலேயே இருக்கிறது.

ஐந்து நிமிடம் எப்போதோ ஆகிவிட்டது. பட்டனை அமுக்குகிறேன், கையைத் தளர விடுங்கள். நூற்று ஐம்பத்தாறு, தொண்ணூற்றாறு. பரவாயில்லை அக்கா. ஒரு மாதம் மாத்திரை விட்டவருக்கு இது பயப்படுகிற அளவு இல்லை. நாளைக்கு டாக்டரிடம் போவோம், நானும் வருகிறேன். குறிப்பு எழுதட்டுமா? 'பண்டிகை மாவு ஆர்டர் அதிகம், அலைச்சல், மாத்திரை விடுபட்டது. தொடர்வார்.' சரியா? ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்? மாவுக் கையால் துடைத்தால் எரியும்.

என் அட்டையா? அதைப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? சரி, பாருங்கள். ஆமாம், நூற்று நாற்பது. அப்புறம் நூற்று நாற்பத்தாறு. போன வாரம் நூற்று ஐம்பத்திரண்டு. ஏறத்தான் செய்கிறது. அதே மாத்திரை, அதே உடம்பு, எனக்கும் புரியவில்லை. மிஷின் பழசாகிவிட்டது போல. குறிப்பா? படியுங்களேன். 'அசட்டை.' 'சொன்னால் கேட்பதில்லை.' 'காரச்சேவு. வெட்கம் கிடையாது.' இது என் பெயர்தானே அக்கா, இதில் என்ன மரியாதை வேண்டியிருக்கிறது? நோயாளிக்கு எழுதுகிற மாதிரியா எனக்கு எழுதுவது?

மாத்திரை பையில் இருக்கிறது. மூன்று நாளாகப் பையிலேயே இருக்கிறது. அது சரி, என் கையை எதற்குப் பிடிக்கிறீர்கள்? நாற்காலியில் நான் உட்காருவதா? எனக்கு இன்னும் பதினோரு வீடு இருக்கிறது. பட்டையை இன்னும் கொஞ்சம் மேலே, முழங்கைக்கு மேலே சுற்றுங்கள். லோகாம்பாளுக்கு இன்றைக்குப் பார்த்தாயிற்றா என்று கேட்கிறீர்கள். அவளைத்தான் மேடமே அடித்துவிட்டார்களே! ஐந்து நிமிடமா? நானா? பேசாமலா? கதை சொல்கிறீர்களாக்கும். ஒரே ஒரு தெருவில் ஒரே ஒரு லோகாம்பாள்.

உம்.

சரி, உம் கூட இல்லை. சரி, சரி.

அப்பாடா, முடிந்ததா? உங்கள் கிரைண்டர் நின்றபிறகு ஒரு தவிட்டுக்குருவி கத்தியதே, கேட்டீர்களா? எவ்வளவு காட்டுகிறது? நூற்று நாற்பத்து நான்கா? என்ன, நீங்களே எழுதுகிறீர்கள்? பேனாவைக் கொடுங்கள். காட்டுங்களேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது எழுத்து. 'சாப்பிடவில்லை. ஊர் முழுக்க நடை. மூன்று நாள் விட்டாள். பரவாயில்லை தாயி.'

குறிப்பில் தாயி என்றெல்லாம் எழுதக் கூடாது அக்கா. மேடம் படிப்பார்கள். அடித்துவிட்டு வேறு...

இருக்கட்டும். அடிக்க வேண்டாம். மாதக் கடைசிக்குத்தானே படிப்பார்கள்.

இரண்டு இட்லி போதும், மூன்றாவது வேண்டாம். சட்னியில் உப்பு அளவாக இருக்கிறது. மாத்திரையையும் போட்டாயிற்று, இதோ பாருங்கள், நாக்கை நீட்டவா? வருகிறேன். செவ்வாய்க்கிழமை பின்கதவுக்குப் பின்னால் நிற்காதீர்கள், முன்னாலேயே நில்லுங்கள். பையை எந்தத் தோளிலா? தோள் மாற்றித்தான் மாட்டியிருக்கிறேன்.

எதற்கு வாசலில் நின்று இப்படி லோகா, லோகா என்று கத்துகிறீர்கள்? தெருவே பார்க்கிறது. குடையை விட்டுவிட்டேனா? கொடுங்கள். ஒரு தடவை கூப்பிட்டால் போதும் அக்கா, முதல் தடவையே திரும்பிவிட்டேனே, பார்க்கவில்லையா? காதெல்லாம் எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது. வெயில் ஏறுகிறது, உள்ளே போங்கள். நான் மெதுவாகவே போய்க்கொள்கிறேன்.